கேள்வி – பதில்: கரும்பாலை ஊரும் ஷார்ட்ஸ்டாப்களும்

கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசின் தென்கிழக்குக் கரையில், தலைநகர் சாந்தோ தொமிங்கோவிலிருந்து சுமார் 70 கி.மீ. தள்ளி இருக்கிறது சான் பெட்ரோ தே மக்கோரிஸ். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைக் கொடுத்த வட்டாரம் இது. இந்த ஊரையும் அதன் வீரர்களையும் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே: மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பக்கத்தில்தானே இந்த நாடு? கிரிக்கெட்டை விட்டுவிட்டு பேஸ்பாலுக்கு எப்படிப் போனார்கள்? – வாசகர், கோயம்புத்தூர்

ப: ஒரேயடியாக விடவில்லை. ஒரு தலைமுறை கிரிக்கெட் ஆடியது, அடுத்த தலைமுறை மாறியது.

பேஸ்பாலைக் கொண்டுவந்தவர்கள் கியூபாக்காரர்கள். 1868 முதல் 1878 வரை ஸ்பெயினை எதிர்த்து அங்கே நடந்த பத்தாண்டுப் போரிலிருந்து தப்பி வந்த கரும்பு முதலாளிகள் இந்தக் கரையில் நீராவி ஆலைகளை நிறுவினார்கள். அவர்களோடு பந்தும் மட்டையும் வந்தன. ஆலைகள் பெருகியபோது கரும்பு வெட்ட ஆள் போதவில்லை. செயின்ட் கிட்ஸ், நெவிஸ், ஆன்டிகுவா, ஆங்குவில்லா, டோர்ட்டோலா போன்ற பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். 'கொக்கோலோ' என்று ஊரார் அழைத்த இந்தக் கறுப்பினத் தொழிலாளர்கள் ஆங்கிலம் பேசினார்கள், புராட்டஸ்டன்ட் சர்ச்சுக்குப் போனார்கள், ஓய்வு நாளில் கிரிக்கெட் ஆடினார்கள். கொன்சுவேலோ, சாந்தா ஃபே, அங்கெலினா, போர்வெனீர் என்று ஆலைக் குடியிருப்புகள்தான் பின்னாளில் பேஸ்பால் பேட்டைகள் ஆயின. உள்ளூரில் பிறந்து ஸ்பானிஷ் பேசி வளர்ந்த பிள்ளைகள், பக்கத்துப் பையன்கள் ஆடியதை ஆடினார்கள்.

ஆட்டக்காரர்களின் குடும்பப் பெயரிலேயே இந்த வரலாறு தெரியும். பெல், கிரிஃபின், கார்ட்டி, சாமுவேல், டங்கன் எல்லாம் ஸ்பானிஷ் பெயர்கள் அல்ல.

கிரிக்கெட்டின் எச்சம் இன்றும் தெருவில் இருக்கிறது. 'பிளாக்கீத்தா' என்று ஓர் ஆட்டம். பழைய வண்டி நம்பர் பிளேட் இரண்டை வளைத்து எதிரெதிரே நிறுத்துகிறார்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர் மட்டையோடு நிற்பார், மற்ற அணியின் இருவர் பந்தை எறிந்து பிளேட்டை வீழ்த்தப் பார்ப்பார்கள். பந்தை அடித்தால் இருவரும் ஓடி இடம் மாற்றிக்கொண்டு ஓட்டம் எடுக்கலாம். கோட்டுக்கு வெளியே நிற்கும்போது பிளேட் விழுந்தால் அவுட். நம் ஊர்ப் பையன் யாருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கே: இந்த ஊரிலிருந்து மேஜர் லீகுக்குப் போன முதல் ஆள் ரிக்கோ கார்ட்டிதானா? அவருடைய 0.366 சராசரி எப்படிக் கணக்கிடப்பட்டது? – வாசகர், ஈரோடு

ப: முதல் ஆள் அல்ல. 1962 சீசனில் அமாடோ சாமுவேலும் மானி ஹிமெனஸும் போய்விட்டார்கள். 1963இல் பெட்ரோ கொன்சாலஸ் நியூயார்க் யாங்கீஸில் ஆடினார். கார்ட்டி அதே ஆண்டு செப்டம்பரில் மில்வாக்கி பிரேவ்ஸுக்காக இறங்கினார். ஆனால் ஊர்ப் பெயரை உலகறியச் செய்தவர் அவர்தான்.

கணக்கு எளிது. கிரிக்கெட்டில் ஓட்டங்களை அவுட்டான தடவைகளால் வகுக்கிறோம். பேஸ்பாலில் 'ஹிட்'களை (பந்தை அடித்துவிட்டு ஓடி, எட்ட வேண்டிய இடமான 'பேஸை' அவுட்டாகாமல் எட்டுவது) 'அட்-பேட்'களால் (கணக்கில் சேரும் மட்டை முறைகள்) வகுக்கிறார்கள். 1970இல் கார்ட்டி 478 அட்-பேட்டில் 175 ஹிட் எடுத்தார். 175 ÷ 478 = 0.366. நான்கு பந்து தவறாக வந்து இலவசமாக முதல் பேஸுக்குப் போகும் 'வாக்', உடம்பில் பந்து பட்டுப் போவது, கூட்டாளியை முன்னேற்றத் தன் விக்கெட்டைத் தியாகம் செய்வது ஆகியவை வகுக்கும் எண்ணில் சேராது. புதிதாகப் பார்ப்பவர்கள் தவறுகிற இடம் இதுதான்: களத்துக்கு வந்த தடவைகளையெல்லாம் கூட்டி வகுத்துவிட்டு, பத்திரிகையில் போட்ட எண் வரவில்லையே என்பார்கள். பட்டத்துக்குத் தகுதி பெற மட்டும் எல்லாத் தடவையும் கணக்கு. ஆட்டத்துக்கு 3.1 வீதம் 162 ஆட்டத்துக்கு 502 தடவை மட்டை பிடித்திருக்க வேண்டும்.

கார்ட்டியின் சாதனையை எடைபோட இன்னும் சில செய்திகள் வேண்டும். காசநோயால் 1968 சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. திரும்பி வந்த 1969இல் 0.342. அடுத்த ஆண்டு தொடர்ந்து 31 ஆட்டங்களில் ஹிட். சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கான வாக்குச்சீட்டில் அவர் பெயரே அச்சாகவில்லை. ரசிகர்கள் கையால் எழுதிப்போட்டு அவரைத் தொடக்க அணியில் நிறுத்தினார்கள். பிறகு அந்தக் குளிர்காலத்தில் சொந்த நாட்டு லீகில் ஆடும்போது மோதி முழங்கால் நொறுங்கியது. 1971 முழுவதும் போயிற்று. அமெரிக்க அணிகள் தங்கள் வீரர்களைக் குளிர்கால லீகுக்கு அனுப்பத் தயங்குவதற்கு இப்படிப்பட்ட காயங்கள்தான் காரணம். கார்ட்டி 2024இல் காலமானார்.

கே: சர்வாதிகாரி த்ருஹில்லோ ஒரு பேஸ்பால் கோப்பைக்காக நாட்டையே புரட்டிப்போட்டார் என்கிறார்களே? – வாசகர், யாழ்ப்பாணம்

ப: 1937 சீசன் அது. அதற்கு முந்தைய ஆண்டு சான் பெட்ரோவின் எஸ்ட்ரெயாஸ் ஓரியந்தாலெஸ் அணி பட்டம் வென்றிருந்தது. தலைநகரத்துக்கு அப்போதுதான் தன் பெயரையே சூட்டியிருந்த த்ருஹில்லோவுக்கு அது பொறுக்கவில்லை. லிசேய், எஸ்கோகிதோ என்ற தலைநகரின் இரண்டு ஜென்ம வைரிகளை ஒன்றாகக் கட்டி 'த்ருஹில்லோ நகர டிராகன்கள்' என்று ஓர் அணி ஆக்கினார்கள். அமெரிக்காவில் நிறவெறியால் மேஜர் லீகுக்குள் விடப்படாத கறுப்பின மாமேதைகளைப் பெரும் பணம் கொடுத்து வரவழைத்தார்கள். பந்துவீச சாட்சல் பெய்ஜ், மட்டை பிடிக்க ஜோஷ் கிப்சன், ஓட 'கூல் பாப்பா' பெல். அமெரிக்காவில் அவர்கள் ஆடிய பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணி இந்த இழுப்பில் சிதறியே போனது. சான் பெட்ரோவும் சும்மா இருக்கவில்லை. அதுவும் வெளிநாட்டு ஆட்களை இறக்கியது. மூன்றாவது அணியான சாந்தியாகோவுக்குக் கியூபாவின் மார்ட்டின் திகீகோ ஆடினார்.

தலைநகர அணி 18 வெற்றி, 13 தோல்வியோடு முதலிடம் பிடித்தது. பட்டமும் அதற்கே. தோற்றால் சுட்டுவிடுவார்கள் என்று துப்பாக்கி வீரர்கள் மைதானத்தைச் சுற்றி நின்ற கதை பிரபலம். பெய்ஜ் பிற்காலத்தில் சொல்லச் சொல்ல அது வளர்ந்தது, பாதியைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள். தள்ள முடியாதது கணக்குப் புத்தகம்தான். மூன்று அணிகளும் பணத்தைக் கரைத்துவிட்டன. 1951 வரை அந்நாட்டில் தொழில்முறை லீக்கே நடக்கவில்லை. அந்த இடைவெளியில் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவை அமெச்சூர் அணிகள். சான் பெட்ரோ பக்கம் அந்த வேலையைச் செய்தவை பெரும்பாலும் கரும்பாலை அணிகள்.

கே: சான் பெட்ரோ மைதானத்துக்கு யார் பெயர்? – வாசகர், கும்பகோணம்

ப: தெத்தேலோ வர்காஸ். அவர் சான் பெட்ரோக்காரர் அல்ல, தலைநகரில் பிறந்தவர். நிறத்தின் காரணமாக மேஜர் லீகில் ஆட முடியாமல் போன தலைமுறை. எஸ்ட்ரெயாஸ் அணிக்காக 1953இல், 47 வயதில், 0.355 எடுத்து நாட்டின் பேட்டிங் பட்டத்தை வென்றார். மைதானம் 1959இல் திறக்கப்பட்டது.

கே: 'ஷார்ட்ஸ்டாப்களின் ஊர்' என்று சொல்கிறார்களே, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஏன் இத்தனை பேர்? உடல்வாகா, பயிற்சியா? – வாசகர், சென்னை

ப: இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். 1980களில் டோனி ஃபெர்னாண்டஸ், ஆல்ஃப்ரெடோ கிரிஃபின், ரஃபாயேல் ராமிரெஸ், ஹூலியோ ஃபிராங்கோ, மரியானோ டங்கன், மானி லீ என்று இந்த ஒரே வட்டாரத்து ஆட்கள் பல அணிகளில் அந்த இடத்தில் நின்றார்கள். பத்திரிகைகள் ஏதோ மந்திர மண் போல எழுதின. மண்ணில் ஒன்றும் இல்லை.

தொழில்நுட்பத்திலிருந்து தொடங்குவோம். பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 90 அடி, அதாவது 27.4 மீட்டர். வலது கை ஆட்டக்காரர் அடித்துவிட்டு முதல் பேஸை அடைய ஏறக்குறைய 4.3 விநாடி ஆகும். மூன்றாவது பேஸ் பக்கமாக, ஆழத்துக்குப் போகும் தரைப்பந்து ஷார்ட்ஸ்டாப்பின் கைக்கு வரவே இரண்டு விநாடி போய்விடும். அங்கிருந்து முதல் பேஸுக்கு 40 மீட்டர். மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் எறிந்தால் பந்து போய்ச் சேர ஒன்றேகால் விநாடி. ஆக, பந்தைப் பிடித்து, கையுறையிலிருந்து வலது கைக்கு மாற்றி, எறிந்துவிட மிஞ்சுவது ஒரு விநாடிதான். பாடப்புத்தக முறைப்படி வலது காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளுக்கு மேலிருந்து எறிந்தால் வேகம் கிடைக்கும், நேரம் போகும். ஃபெர்னாண்டஸ் காலை ஊன்றாமல், ஓடுகிற ஓட்டத்திலேயே பக்கவாட்டிலிருந்து, சில சமயம் தாழ்விலிருந்தே, பந்தைச் சுண்டிவிடுவார். வேகம் குறைவு, ஆனால் காலடி வைக்கும் நேரம் மிச்சம்.

இதில் எது தவறும்? பக்கவாட்டில் எறியும் பந்து வலது கைக்காரருக்கு வலப்பக்கம் இழுக்கும். ஷார்ட்ஸ்டாப் முதல் பேஸைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் என்பது அடித்தவர் ஓடிவரும் பாதை. முதல் பேஸில் நிற்பவர் பந்துக்காக அந்தப் பாதைக்குள் கை நீட்ட வேண்டியதாகி, மோதல் நடக்கும் அல்லது பந்து நழுவும். மணிக்கட்டு பந்துக்குப் பின்னால் நில்லாமல் கீழே புரண்டால் இழுப்பு இன்னும் கூடும். ஆகவே இந்த எறியைப் பழகாத பையனைப் பின்பற்றச் சொல்லக்கூடாது. ஃபெர்னாண்டஸ் 1989இல் சீசன் முழுவதும் 6 பிழைகள்தான் செய்தார். 1986 முதல் 1989 வரை சிறந்த தடுப்பாளருக்கான நான்கு தங்கக் கையுறை விருதுகள்.

இப்போது 'ஏன் இத்தனை பேர்' என்பதற்கு வருவோம். மேடுபள்ளமான ஆலை மைதானங்களில் பந்து எப்படி எழும்பும் என்று சொல்ல முடியாது. பால் அட்டைப்பெட்டியை மடித்துக் கையுறையாக்கி, துணி சுருட்டிய பந்தைப் பிடித்துப் பழகிய கை மென்மையாகும் என்பார்கள். அது ஓரளவு உண்மை. ஆனால் அதே மைதானமும் அதே அட்டைப்பெட்டியும் அந்நாட்டின் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் கணிப்பில் பெரிய காரணம் தேர்வாளர்களின் கணக்கு. 16 வயதுப் பையன்களில் நன்றாக ஓடுகிற, நன்றாக எறிகிற, கைப்பழக்கம் உள்ளவனை எல்லா ஊரிலும் ஷார்ட்ஸ்டாப்பில்தான் நிறுத்துவார்கள். அவன் வளர்ந்து கனத்துப்போனால் மூன்றாவது பேஸுக்கோ வெளிக்களத்துக்கோ மாற்றலாம். வெளிக்களத்து ஆளை ஷார்ட்ஸ்டாப்புக்குக் கொண்டுவர முடியாது. எனவே வாங்குபவர்கள் ஷார்ட்ஸ்டாப்பையே வாங்கினார்கள், ஊரும் ஷார்ட்ஸ்டாப்பையே வளர்த்தது. அதே ஃபிராங்கோ பின்னால் இரண்டாவது பேஸுக்கும் முதல் பேஸுக்கும் போனார். அல்ஃபோன்சோ சொரியானோ இரண்டாவது பேஸுக்கு மாறி, பிறகு இடது வெளிக்களத்துக்குப் போனார். இந்தத் தலைமுறையின் ஃபெர்னாண்டோ தத்தீஸ் ஜூனியரும் ஷார்ட்ஸ்டாப்பாக வந்தவர்தான். வலது வெளிக்களத்துக்கு மாற்றப்பட்ட 2023இலேயே தன் லீகின் சிறந்த தடுப்பாளருக்கான பிளாட்டினக் கையுறையை வாங்கினார்.

கே: டொராண்டோ புளூ ஜேஸ் அணிக்கும் இந்த ஊருக்கும் அப்படி என்ன உறவு? – வாசகர், ஸ்கார்பரோ

ப: ஆள்பிடிக்கும் திறமையும், விதிப் புத்தகத்தை ஊன்றிப் படித்ததும். டொமினிக்கன் குடியரசில் அந்த அணியின் ஆள்தேடும் பொறுப்பு எப்பி கெரெரோவிடம் இருந்தது. ஃபெர்னாண்டஸ் அவர் வழியாக வந்தவர். ஜார்ஜ் பெல் பிலடெல்ஃபியா அணியின் கீழ்நிலை (மைனர் லீக்) அணியில் இருந்தார். 1980இன் பெரும்பகுதி காயத்தில் போயிற்று. அவரை யார் எடுக்கப்போகிறார்கள் என்று அந்த அணி பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது. டிசம்பரில் நடக்கும் 'ரூல் 5' தேர்வில் டொராண்டோ அள்ளிக்கொண்டது.

ரூல் 5 இப்படி இயங்கும்: குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மேல் கீழ்நிலையில் இருக்கும் ஆளை அணி தன் 40 பேர் பட்டியலில் சேர்க்காவிட்டால், வேறு அணி கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். இன்று அந்தக் கட்டணம் 1,00,000 டாலர். எடுத்த அணி அடுத்த சீசன் முழுவதும் அவரை மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். கீழே இறக்க விரும்பினால் பழைய அணிக்குப் பாதி விலைக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். பக்குவப்படாத பையனைப் பெஞ்சில் உட்காரவைத்து ஓர் ஆண்டை வீணாக்குவதுதான் இதன் அபாயம். தோற்றுக்கொண்டே இருந்த அன்றைய டொராண்டோவுக்கு அந்த ஓர் ஆண்டு பெரிய நஷ்டம் அல்ல. மானி லீயும் இதே வழியில் 1984இல் வந்தார்.

பெல் 1987இல் 47 ஹோம் ரன் (எல்லாப் பேஸையும் ஒரே அடியில் சுற்றி வரும் அடி, கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்து, 134 ரன்களை உள்ளே கொண்டுவந்து, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மதிப்புமிக்க வீரர் ஆனார். 1988 சீசனின் தொடக்க நாளில் மூன்று ஹோம் ரன் அடித்தார். தொடக்க நாளில் அப்படி அடித்த முதல் ஆள் அவர்.

கிரிஃபின் கதை வேறு வகை. 1979இல் அமெரிக்கன் லீகின் சிறந்த அறிமுக வீரர் விருதைப் பகிர்ந்துகொண்டவர். 1984 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு டொராண்டோ அணியின் தமாசோ கார்சியாவோடு விருந்தினராகப் போனார். தேர்வான ஷார்ட்ஸ்டாப் ஆலன் டிராமெலுக்குக் காயம். கைக்கெட்டும் தூரத்தில் கிரிஃபின் இருந்தார், அணியில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் அவர் எடுத்த வாக் வெறும் நான்கு! 'வாக் வாங்கி யாரும் தீவை விட்டு வெளியேற முடியாது' என்று டொமினிக்கன் ஆட்டக்காரர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஆள்பிடிப்பவர் முன்னால் சும்மா நின்றால் ஒப்பந்தம் கிடைக்காது, வீசியடித்தால்தான் கண்ணில் படலாம் என்பது பொருள். கிரிஃபினுக்குப் பொருந்தும். கார்ட்டிக்குப் பொருந்தாது: 1970இல் அவர் களத்துக்கு வந்த தடவைகளில் 45 சதவீதத்துக்கு மேல் பேஸை எட்டினார்.

கே: சாமி சோசாவின் தக்கை மட்டை விவகாரம் என்ன? தக்கை அடைத்தால் பந்து அதிக தூரம் போகுமா? – வாசகர், திருநெல்வேலி

ப: 2003 ஜூன் 3, சிகாகோவின் ரிக்லி மைதானம், முதல் இன்னிங்ஸ். சான் பெட்ரோக்காரரான சோசாவின் மட்டை உடைந்தது, உள்ளே தக்கை தெரிந்தது. பயிற்சியில் கூட்டத்தை மகிழ்விக்க வைத்திருந்த மட்டையைத் தவறி எடுத்துவிட்டேன் என்றார். அவருடைய மற்ற 76 மட்டைகளை எக்ஸ்-ரே எடுத்தார்கள், எதிலும் தக்கை இல்லை. 8 ஆட்டத் தடை விதித்து, மேல்முறையீட்டில் 7 ஆக்கினார்கள்.

விதிப்படி மட்டை ஒரே கட்டையால் ஆனதாக, 2.61 அங்குல விட்டத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். தக்கை வைப்பவர்கள் மட்டையின் பருத்த முனையில் ஓர் அங்குல விட்டத்தில் நீளமாகத் துளையிட்டு, கட்டையை எடுத்துவிட்டுத் தக்கையை நிரப்பி, மரத்தூளும் பசையும் வைத்து மூடித் தேய்த்துவிடுவார்கள். தக்கை ஸ்பிரிங் மாதிரி பந்தை உந்தும் என்பது கட்டுக்கதை. நடப்பது எடைக்குறைப்பு மட்டும்தான். 30, 40 கிராம் குறைந்தால் மட்டையைச் சற்று வேகமாகச் சுழற்றலாம், பந்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்க்கலாம். ஆனால் எடை குறைந்த மட்டை பந்துக்குக் கொடுக்கும் உந்தமும் குறையும். வேகத்தில் கிடைப்பது எடையில் போய்விடும், தூரம் கூடாது. பலவீனம் மட்டும் மிச்சம். துளையிட்ட மட்டை எளிதில் பிளக்கும், பிடிபடுவதும் அப்படித்தான்.

கே: இவ்வளவு பேர் இருந்தும் ஹால் ஆஃப் ஃபேமில் சான் பெட்ரோவில் பிறந்தவர் யாருமே இல்லையா? – வாசகர், சிங்கப்பூர்

ப: பேஸ்பாலின் புகழ்மாடமான ஹால் ஆஃப் ஃபேமில் இதுவரை இல்லை. நாட்டுக்காரர்கள் ஐவர் இருக்கிறார்கள்: ஹுவான் மரிச்சல் 1983, பெட்ரோ மார்ட்டினெஸ் 2015, விளாதிமிர் கெரெரோ 2018, டேவிட் ஓர்ட்டிஸ் 2022, ஆட்ரியன் பெல்ட்ரே 2024. ஐவரும் வேறு ஊர்க்காரர்கள்.

நடைமுறை இது. குறைந்தது 10 சீசன் ஆடி, ஓய்வுபெற்று 5 ஆண்டு கழிந்தவர் பட்டியலில் வருவார். பேஸ்பால் எழுத்தாளர்களின் 75 சதவீத வாக்கு வேண்டும். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த ஆண்டோடு பெயர் நீங்கும். அதற்கு மேல் இருந்தால் 10 ஆண்டு வரை வாய்ப்பு.

சோசாவுக்கு 609 ஹோம் ரன். ஒரு சீசனில் 60ஐத் தாண்டுவதை மூன்று முறை செய்த ஒரே ஆள்: 1998இல் 66, 1999இல் 63, 2001இல் 64. விசித்திரம் என்னவென்றால் அந்த மூன்று ஆண்டிலும் லீகில் முதலிடம் அவருக்கு இல்லை; முதல் இரண்டில் மார்க் மெக்குவயர், மூன்றாவதில் பேரி பாண்ட்ஸ். ஊக்கமருந்துச் சந்தேகம் காரணமாக, 10 ஆண்டு காத்திருந்து 2022இல் 18.5 சதவீதத்தோடு பட்டியலிலிருந்து வெளியேறினார். இன்னொரு சான் பெட்ரோக்காரர் ராபின்சன் கனோவுக்கு 2,639 ஹிட். ஆனால் 2018இல் 80 ஆட்டம், பிறகு 2021 சீசன் முழுவதும் என ஊக்கமருந்துக்காக இரண்டு முறை தடை. தத்தீஸ் ஜூனியருக்கும் 2022இல் 80 ஆட்டத் தடை விழுந்தது.

இந்த வரிசையில் அநியாயம் நடந்தது என்றால் அது ஃபெர்னாண்டஸுக்குத்தான். 2,276 ஹிட், நான்கு தங்கக் கையுறை, மேஜர் லீகின் இறுதித் தொடரான 1993 உலகத் தொடரில் 9 ரன்களைக் கொண்டுவந்த ஆட்டம், ஒரு கறையும் இல்லாத பெயர். 2007இல் 5 சதவீதம்கூடக் கிடைக்காமல் முதல் ஆண்டே போய்விட்டார். கனடா தன் புகழ்மாடத்தில் 2008இல் அவரைச் சேர்த்தது. 2020இல் மறைந்தார்.

கே: ஒரே இன்னிங்ஸில் இரண்டு கிராண்ட் ஸ்லாம் அடிப்பது சாத்தியமா? – வாசகர், மதுரை

ப: ஒரே ஒருவருக்குச் சாத்தியமானது. 1999 ஏப்ரல் 23, லாஸ் ஏஞ்சலஸ், மூன்றாவது இன்னிங்ஸ். செயின்ட் லூயிஸ் அணிக்காக ஃபெர்னாண்டோ தத்தீஸ், அதாவது மேலே சொன்ன ஜூனியரின் அப்பா. இதற்கு மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது ஹோம் ரன் அடிக்க வேண்டும், மற்ற எட்டுப் பேரும் சுற்றி வந்து மறுபடி அவர் முறை வரும்வரை மூன்று அவுட் விழக்கூடாது, மீண்டும் மூன்று பேஸும் நிரம்பியிருக்க வேண்டும். அன்று இரண்டையும் வீசியவர் ஒரே ஆள், கொரியாவின் சான் ஹோ பார்க். அடிவாங்கிய பந்துவீச்சாளரை மாற்றாமல் விட்டதுதான் அன்றைய பயிற்சியாளர் முடிவில் கேள்விக்குரியது.

கே: சொரியானோ ஜப்பான் வழியாகப் போனது ஏன்? வயதைக் குறைத்துச் சொல்வதும் நடக்குமாமே? – வாசகர், கொழும்பு

ப: ஜப்பானின் ஹிரோஷிமா கார்ப் அணி 1990இல் சான் பெட்ரோவில் ஒரு பயிற்சிக்கூடம் திறந்தது. சொரியானோ அங்கே சேர்ந்து ஜப்பானுக்குப் போனார். சம்பளத் தகராறு வந்தது. ஜப்பானில் 'ஓய்வு' அறிவித்துவிட்டு அமெரிக்காவில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்ற ஓட்டையைப் பயன்படுத்தி 1998இல் யாங்கீஸில் சேர்ந்தார். இப்படிப்பட்ட தப்பிப்புகளை அடைக்கத்தான் அதே ஆண்டு இறுதியில் இரு நாட்டு லீகுகளும் 'போஸ்டிங்' முறையை (ஜப்பான் அணிக்குப் பணம் கொடுத்து ஆளை எடுக்கும் முறை) கொண்டுவந்தன. 2006இல் அவர் 46 ஹோம் ரன், 41 பேஸ் திருட்டு (பந்து வீசப்படும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), 41 டபுள் (இரண்டாவது பேஸ் வரை எட்டும் ஹிட்) என்று மூன்றிலும் 40ஐத் தாண்டினார்.

வயது விவகாரமும் அவரிடமே உண்டு. 2004இல்தான் அவர் 26 அல்ல, 28 என்று தெரிந்தது. காரணம் பணம். ஒப்பந்தம் 16 வயதில் நடக்கிறது. இப்போது ஆண்டுதோறும் ஜனவரி 15இல் வாசல் திறக்கிறது, முன்பு ஜூலை 2. அறுபது கெஜத்தை 6.8 விநாடியில் ஓடும் 16 வயதுப் பையன் அரிய சரக்கு. அதே வேகத்தில் ஓடும் 18 வயதுக்காரனுக்குப் பாதி விலையும் வராது. தம்பியின் பிறப்புச் சான்றிதழைக் கடன் வாங்குவது, பிறந்து பல ஆண்டு கழித்துப் பதிவு செய்வது ஆகியவை வழக்கமான வழிகள். 2001க்குப் பிறகு அமெரிக்க விசா சோதனை இறுகியபோது பலர் மாட்டினார்கள். பின்னர் எலும்பு எக்ஸ்-ரே, மரபணுச் சோதனை வரை போனது. பையனைச் சிறுவயதிலிருந்து சோறு போட்டுப் பயிற்றும் 'புஸ்கோன்' என்னும் தரகர் ஒப்பந்தத் தொகையில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால் பொய்யில் அவருக்கும் லாபம்.

கே: வீரர்களின் ஊரைச் சரிபார்த்துப் பட்டியல் தயாரிக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்? – வாசகர், திருச்சி

ப: இரண்டு மக்கோரிஸ் உண்டு. வடக்கே இருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ தே மக்கோரிஸ் வேறு ஊர். ஹூலியான் ஹவியேர் அந்த ஊர்க்காரர். பிறந்த ஊரும் வளர்ந்த ஊரும் வேறாக இருக்கலாம்: கிரிஃபின் தலைநகரிலும் ஹூலியோ ஃபிராங்கோ ஹாத்தோ மயோரிலும் பிறந்தவர்கள், இருவரும் வளர்ந்தது கொன்சுவேலோ ஆலையில். ஆகவே 'பிறந்தவர்', 'வளர்ந்தவர்' என்று இரண்டு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். ஃபிராங்கோவை விட்டுவிட்டால் பட்டியல் சோபிக்காது. 48 வயதில் 2007இல் மேஜர் லீக் ஹோம் ரன் அடித்தவர், அந்த வயதில் வேறு யாரும் அடித்ததில்லை. பந்துவீச்சாளர்களையும் மறக்கவேண்டாம். ஹுவாகின் அந்துஹார் 1984இல் 20, 1985இல் 21 வெற்றி பெற்றவர்; ஜானி குவேட்டோ 2015 உலகத் தொடரில் ஒரு முழு ஆட்டத்தையும் தனியாக வீசி முடித்தவர்.

கே: எஸ்ட்ரெயாஸ் அணியின் ஆட்டத்தை எப்போது பார்க்கலாம்? – வாசகர், துபாய்

ப: அக்டோபர் நடுவில் லீக் தொடங்கும், ஆறு அணிகள். ஜனவரியில் இறுதிச் சுற்று, வென்றவர் பிப்ரவரியில் கரீபியன் தொடருக்குப் போவார். அணியின் சின்னம் பச்சை யானை. 1968க்குப் பிறகு அடுத்த பட்டத்துக்கு 2019 வரை காத்திருந்தார்கள். அந்த ஆண்டு பயிற்சியாளர் தத்தீஸ் சீனியர், ஆட்டக்காரர்களில் ஒருவர் மகன். பெரிய நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பருக்குப் பிறகு போங்கள். தொடக்க வாரங்களில் பலர் ஓய்வில் இருப்பார்கள்.

கே: அந்த ஊர்ப் பையன்கள் தண்ணீர்க் கேன் மூடியில் ஆடுவார்களாமே. நம் தெருவில் ஆட என்ன வேண்டும்? – வாசகர், தஞ்சாவூர்

ப: 'வித்தீயா' ஆட்டம். ஐந்து கேலன் கேனின் மூடிதான் பந்து, துடைப்பக் கம்புதான் மட்டை. நம் 20 லிட்டர் கேன் மூடி போதும். ஓரம் கிழியாததாகப் பாருங்கள், கிழிந்தது காற்றில் தள்ளாடும். ஓர் அங்குலத் தடிமனில் நேரான கம்பு எடுங்கள். வீசுபவர் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்று, மூடியின் விளிம்பை ஆள்காட்டி விரலில் அணைத்து மணிக்கட்டால் சுண்ட வேண்டும். சாய்த்துச் சுண்டினால் பக்கவாட்டில் வளையும், தட்டையாகச் சுண்டினால் மிதந்து வந்து கடைசியில் விழும். தோளைப் போட்டு வேகமாக எறிந்தால் குப்புறக் கவிழ்ந்து நேராகத் தரைக்குப் போகும். அடிப்பவர் பெரிதாக வீசாமல் கம்பைக் குறுக்கப் பிடித்து, மூடி கிட்டே வந்தபின் வெட்டியடிக்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை பேஸ் என்பதெல்லாம் அங்கேயே தெருவுக்குத் தெரு மாறும். பின்னால் நிற்பவர் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. மூடியின் விளிம்பு கண்ணில் பட்டால் கிழித்துவிடும்.